நன்றியுரைக்குப் பிறகு திறக்கும் கணினி

மட்டாஞ்சேரி தமிழ் மக்கள் முன்னேற்ற சேவா சங்கத்தின் ‘வீட்டுக்கொரு கணினி’ திட்டத்தில் இதுவரை ஒரு வீட்டுக்கு ஒரு கணினி வழங்கப்பட்டிருக்கிறது. அந்த வீடு பாண்டிச்செல்வியின் வீடு. திட்டம் முழு வெற்றி என்று சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. “வீட்டுக்கு ஒன்று என்றுதான் சொன்னோம். எத்தனை வீடு என்று சொல்லவில்லையே” என்று செயலாளர் இசக்கிராஜா பொதுக்குழுவில் விளக்கம் கொடுத்துக் கைதட்டலும் வாங்கினார்.

கணினி ஏலூர்ப் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றது. பொங்கல் விழாவில் அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, மேடையில் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார்கள். அதனால் ஒரு நாற்காலி குறைந்தது. பாண்டிச்செல்வி கணினிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கல்யாண வீடியோ எடுப்பவரைக் கூப்பிட்டு விழா முழுவதையும் படம் பிடித்தார்கள். படத்தில் தன்னைப் பார்த்த தலைவர் வெங்கிடாசலத்துக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட விழா ஒரே நாளில் முடிந்துபோகலாமா? கணினி உள்ளவரை விழாவும் இருக்க வேண்டாமா? சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அபிலாஷை வரவழைத்தார். கணினியைப் போட்டவுடன் அழைப்பிதழில் உள்ள வரிசைப்படி விழா ஓட வேண்டும் என்றார். உரை நடக்கும்போது யாரும் எழுந்து நடமாடக் கூடாது என்பது சங்க விதி. எனவே உரைகள் முடியும்வரை மௌஸும் நடமாடக் கூடாது. அபிலாஷ் மலையாளி, சங்க மரபுகளைப் பற்றிக் கருத்துச் சொல்கிற இடத்தில் அவன் இல்லை. சொன்னபடி செய்து கொடுத்தான்.

அன்றிலிருந்து பாண்டிச்செல்வி பொத்தானை அழுத்தினால் முதலில் குத்துவிளக்கு எரியும். அடுத்து இசக்கிராஜாவின் வரவேற்புரை. அடுத்து முன்னிலை வகித்தவர்கள். முன்னிலை வகிப்பவர்கள் பேசுவதில்லை, உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அவர்கள் உட்கார்ந்திருப்பதும் வரும். பிறகு வெங்கிடாசலத்தின் தலைமையுரை. பிறகு வாழ்த்துரைகள். பிறகு சிறப்புரை, சிறப்பு விருந்தினர் வராததால் அதுவும் வெங்கிடாசலம். கடைசியாகப் பொருளாளர் சங்கரலிங்கத்தின் நன்றியுரை. அவர் “இத்துடன் விழா இனிதே நிறைவுற்றது” என்று சொன்னதும் திரை வெளுக்கும், மௌஸ் அசையும், கணினி நல்ல பிள்ளையாக வேலை செய்யும்.

ஆனால் அதுவரை போய்ச் சேருவது அரிது. வீடியோக்காரர் படங்களை மிகப் பெரிதாக எடுத்திருந்தார். கணினிக்கு அவ்வளவு மூச்சு இல்லை. தலைமையுரையின் நடுவில், தலைவர் வலது கையை உயர்த்தி வாயைத் திறக்கும் இடத்தில் அப்படியே நின்றுவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் தலைவர் கையை இறக்க மாட்டார். அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் குத்துவிளக்கு.

“ஏட்டி, இந்த மனுசனுக்குக் கை வலிக்காதா?” என்று கேட்பான் அவள் கணவன் சுடலைமணி. அவன் பாலஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். “இந்நேரத்துக்கு நான் ஒரு சட்டி மாவை வீசி முடிச்சிருப்பேன்.”

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடக்கொச்சியில் செம்மீன் எனும் இறாலை உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய விரல் நுனிகளும் உரிந்துகொண்டிருந்தன. இனி ஐஸில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஷெட்டில் ஐஸில் கை வைக்காமல் செய்கிற வேலை ஒன்றுதான். அதை முதலாளி செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் வல்லார்பாடத்தில் ஒரு கன்டெய்னர் ஏஜென்சி, வீட்டிலிருந்தே பில் விவரங்களை டைப் செய்ய ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் டிடிபி கடையில் இருந்தவள். டைப்பிங் கைக்கு மறக்கவில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று. சொந்த வீட்டில் கணினி வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கணினியிலேயே பரீட்சை.

பாண்டிச்செல்வி விடியும்போதே கணினியைப் போட்டாள். தலைவர் கையைத் தூக்கினார். அணைத்துப் போட்டாள். மறுபடியும் தூக்கினார். அதற்கடுத்த முறை எப்படியோ கையை இறக்கிவிட்டார். ஆனால் பத்து மணி அடிக்கும்போது சிறப்புரை நடந்துகொண்டிருந்தது. ஏஜென்சியிலிருந்து அம்ருதா என்ற பெண் போன் செய்தாள்.

“செல்வி, அங்க எந்தா மீட்டிங்கா? யாரோ கத்துறாரே?”

“இல்ல மேடம். கம்ப்யூட்டர் ஓப்பன் ஆகுது.”

“ஓப்பன் ஆகும்போது கம்ப்யூட்டர் இப்படியா கத்தும்?”

“எங்க கம்ப்யூட்டருக்கு இது வழக்கம் மேடம்.”

அம்ருதா சற்று நேரம் உரையைக் கேட்டாள். பிறகு, “அடுத்த சனிக்கிழமை ஒரு சான்ஸ் கூடி தரேன். அன்னைக்கும் இந்த ஆள் பேசினா வேற ஆளைப் பார்த்துக்குவோம். சாரி கேட்டோ” என்றாள்.

பாண்டிச்செல்வி நேராக அபிலாஷ் கடைக்குப் போனாள்.

“சேச்சி, மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல” என்றான் அவன். “பிரசங்கம்தான் குழப்பம். நன்றி சொல்லிக் கழிஞ்சா பரிபாடி தீர்ந்து, மெஷின் பறக்கும். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் எடுத்துக் களஞ்சா போதும். ரெண்டு மினிட் பணி.”

“எடுத்துருங்களேன்.”

“அய்யோ! புதுசா சேர்க்க பாஸ்வேர்டு வேண்டா, எடுக்கவும் இடம் மாத்தவும் வேணும். அது செக்ரட்டறி கையில. கவர்ல போட்டு அரக்கு வச்சு சீல் பண்ணியிருக்கு. கமிட்டி தீர்மானம் இல்லாம ஞான் தொட்டா, நாளைக்குக் காலைல என் கடை ரோட்டுல இருக்கும். பில்டிங் அவங்களோடதல்லே?”

பாண்டிச்செல்வி யாரிடமும் போய் எதையும் கேட்கிற சுபாவம் உள்ளவள் அல்ல. சாயாக்கடையில் சாயாவில் சர்க்கரை இல்லையென்றால்கூடக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் சங்க அலுவலகப் படியேறிப் போய் இசக்கிராஜாவின் முன்னால் நின்றாள்.

“கணினி மெதுவா இருக்கு என்பது கோரிக்கையா, குற்றச்சாட்டா?” என்று கேட்டார் இசக்கிராஜா.

“தெரியலையே அண்ணாச்சி. மெதுவா இருக்கு.”

“கோரிக்கைன்னா செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்போம். குற்றச்சாட்டுன்னா நீங்க முதல்ல உறுப்பினர் பதவியை ராஜினாமா பண்ணணும். அப்புறம் விசாரிப்போம்.”

“கோரிக்கைதான் அண்ணாச்சி.”

செவ்வாய்க்கிழமை கணினி ஆய்வு உபகுழு வந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னிலை வகிப்பவர்கள், வீடியோக்காரர். வீட்டுக்குள் இடம் போதாமல் பாண்டிச்செல்வியும் சுடலைமணியும் வெளியே நின்று ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். கணினிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை காற்றுத் துளைகளை மூடிக்கொண்டதால் கணினிக்குச் சூடேறி உள்ளே விசிறி ஊளையிட ஆரம்பித்தது.

“மகிழ்ச்சியைத் தெரிவிக்கிறது” என்றார் இசக்கிராஜா.

வெங்கிடாசலம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். தமிழை மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் அவர் வாசிப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத்தை மறந்தவர்களைச் சாடுகிற பகுதியையும் அவர் அதே தாளிலிருந்துதான் வாசித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“கணினி மெதுவாகப் போகிறதாம். நான் கேட்கிறேன், நமது சங்கம் என்றைக்கு அவசரப்பட்டிருக்கிறது? சங்கத்துக்குக் கழிப்பறை கட்ட அடிக்கல் நாட்டினோம். அவசரப்பட்டுக் கட்டியிருந்தால் அது இந்நேரம் பழசாகி இடிந்திருக்கும். கட்டவில்லை. ஆகவே இடியவில்லை. அடிக்கல் இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது! படிப்பகம் திறந்தோம். புத்தகம் வைத்தால் அழுக்காகும் என்று வைக்கவில்லை. இன்றைக்கும் அந்த அலமாரியில் ஒரு கறை காட்ட முடியுமா? அப்படிப்பட்ட சங்கம் கொடுத்த கணினி, சங்கத்தைப் போலத்தானே இருக்கும்?”

முன்னிலை வகிப்பவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு உரல் இடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

மறுநாளே அந்தப் பேச்சு ‘ஆய்வுரை’ என்ற பெயரில் கணினிக்குள் ஏறியது. வாழ்த்துரைக்கும் சிறப்புரைக்கும் நடுவில் அதற்கு இடம் கொடுத்தார்கள். கணினி இப்போது தலைமையுரையில் உறையாமல் தப்பித்தால் ஆய்வுரையில் உறைந்தது. சுடலைமணி பொன்னாடையை எடுத்து மடித்து வைத்தான். வழியில் பார்த்த இசக்கிராஜா, “போர்த்தியிருக்குல்லா?” என்று விசாரித்தார். “அது குளிக்கிற நேரம் மட்டும் எடுத்தேன் அண்ணாச்சி” என்றான்.

புதன்கிழமை சாயங்காலம் சங்கரலிங்கம் தனியாக வந்தார். அவருக்குச் சந்தையருகே மைக் செட் கடை. சங்க விழாக்களுக்கு மைக் அவருடையது. அவர் பொருளாளரானதும் அதனால்தான். வந்தவர் உட்காரவில்லை. கணினியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு தாயி. என் நன்றியுரை நல்லா வருதா?”

பாண்டிச்செல்வி தரையைப் பார்த்தாள். “அதுவரைக்கும் போறதே கஷ்டமா இருக்கு அண்ணாச்சி.”

“இங்கயும் அப்படித்தானா?”

அவர் இப்போது உட்கார்ந்தார்.

“எத்தனை வருசமாச்சு. நான் எந்திரிச்சதும் எல்லாவனும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுதான். நாற்காலியை மடக்குற சத்தத்துலதான் நான் பேசியே பழகியிருக்கேன். போன விழாவுல நான் தலைவருக்கு நன்றி சொல்லுதேன், தலைவர் அங்க ரெண்டாவது பந்தியில வடை கேக்காரு. கடைசில பந்தல்காரங்கிட்டதான் பந்தல்காரருக்கு நன்றி சொன்னேன். அவன் மட்டும்தான் நின்னான். பந்தலைப் பிரிக்கணுமே. மிஷின்லயாவது ஓடும்னு நெனச்சேன்.” தொண்டையைச் செருமினார். “முதல்ல வச்சிருந்தா ஒரு ஆளாவது கேட்டிருப்பான்.”

பாண்டிச்செல்விக்கு அபிலாஷ் சொன்னது ஞாபகம் வந்தது. நன்றி சொல்லிக் கழிஞ்சா பரிபாடி தீர்ந்து. நன்றி சொல்லிவிட்டால் நிகழ்ச்சி முடிந்தது. அவள் உரிந்த விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

“முதல்ல வைக்கச் சொல்லிக் கேளுங்க அண்ணாச்சி.”

“நன்றியுரையவா? முதல்லயா?”

“விழாவுல இல்ல, மிஷின்லதானே. ஊருக்கே மைக் குடுக்கீங்க. உங்களுக்கு அதுகூட இல்லையா?”

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. சுடலைமணி சாயா கிளாஸை வாயருகே வைத்தபடி அவளையே பார்த்தான்.

வியாழக்கிழமை செயற்குழு கூடியது. கணினியின் வேகத்தை முன்னிட்டு உரைகளில் ஒன்றை எடுக்கலாமா என்பது பொருள். எடுக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாருடையதை என்றபோது கருத்து வேறுபாடு வந்தது. தலைவருக்கு மூன்று உரைகள் இருப்பதை இசக்கிராஜா மரியாதையோடு நினைவூட்டினார். வரவேற்புரை இல்லாமலேயே பலர் பல இடங்களுக்குப் போய் வந்திருப்பதைத் தலைவர் மரியாதையோடு நினைவூட்டினார். முன்னிலை வகித்தவர்களை எடுத்துவிடலாம் என்று இருவரும் ஒற்றுமையாக முடிவு செய்தபோது, முன்னிலை வகித்தவர்கள் வரலாற்றில் முதல்முறையாகப் பேசினார்கள்.

“நாங்க வாயே திறக்கலை. எங்களை எதுக்கு வெட்டணும்?”

கடைசியில் யாரையும் எடுப்பதில்லை என்றும், கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்பதை உறுப்பினர்களுக்கு விளக்கித் தலைவர் ஒரு விளக்கவுரை ஆற்றி அதையும் கணினியில் சேர்ப்பது என்றும், கணினி வேகமாக இயங்க வேண்டும் என்று இச்சங்கம் கணினியை ஒருமனதாகக் கேட்டுக்கொள்வது என்றும் தீர்மானம் எழுதினார்கள். ஓரமாக நின்ற பாண்டிச்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சனிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அப்போது சங்கரலிங்கம் எழுந்தார். வழக்கம்போல நாற்காலிகள் மடங்கத் தொடங்கின.

“நன்றி சொல்ல எந்திரிக்கலை” என்றார் அவர். நாற்காலிகள் நின்றன. “என் உரையைக் கணினியில முதல்ல வைக்கணும்.”

மண்டபம் அதிர்ந்தது. நன்றியுரை முதலில் வருவதா? எதற்கு நன்றி என்று தெரியாமலேயே நன்றியா? நாளைக்கு விளக்கை அணைத்துவிட்டு விழாவைத் தொடங்கச் சொல்வீர்களா? தலைவர் மைக்கைப் பிடித்து மரபைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சங்கரலிங்கம் மெல்ல நடந்து போய் ஒயரைப் பிடுங்கினார். பிறகு பெட்டியைத் தூக்கினார், ஸ்டாண்டை மடக்கினார், ஸ்பீக்கரைக் கக்கத்தில் இடுக்கினார்.

“மைக் எங்க வீட்டுல இருக்கும். முடிவெடுத்துட்டு வந்து வாங்கிக்கிடுங்க.”

மைக் இல்லாத வெங்கிடாசலத்தை அன்றுதான் ஊர் பார்த்தது. அவர் கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார். கணினியில் வருவதுபோலவே இருந்தது, கொஞ்சம் சின்னதாக. குரல் முதல் வரிசைக்கு வந்து நின்றுவிட்டது. “கேக்கலை!” என்றது பின்வரிசை. “உரக்கெப் பறயூ!” என்றார் வெளியே நின்று வேடிக்கை பார்த்த ஆட்டோ சேட்டன் ஒருவர். சித்திரை விழா பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மரபா மைக்கா என்ற கேள்வியைச் செயற்குழு சீக்கிரமாகவே தீர்த்துவிட்டது.

“கணினியில் மட்டும்” என்று தீர்மானத்தில் கறாராக எழுதினார் இசக்கிராஜா. கீழே கடையிலிருந்து அபிலாஷைக் கூப்பிட்டார்கள். “நன்றியுரையை முதலுக்குக் கொண்டுபோக முடியுமா?”

“முடியும் சார். பக்ஷே, அப்படி வச்சா...” அபிலாஷ் நிறுத்தினான். ஓரமாக நின்ற பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மிகவும் கவனமாகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“வச்சா?”

“ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை அரக்கை உடைத்துப் பாஸ்வேர்டை எடுக்கும் நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது. கவரை யார் கிழிப்பது என்பதில் தாமதமானாலும் இருட்டுவதற்குள் அபிலாஷ் வேலையை முடித்துவிட்டான். விளக்கவுரையையும் மறக்காமல் உள்ளே சேர்த்தான்.

சனிக்கிழமை காலை. பாண்டிச்செல்வி கை கழுவி, விரல்களுக்கு மருந்து தடவிக் காய வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். சுடலைமணி ஹோட்டலுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லியிருந்தான். பொத்தானை அழுத்தினாள்.

சங்கரலிங்கம் திரையில் வந்தார். விளக்கு ஏற்றியவருக்கு நன்றி சொன்னார். தலைவருக்கு, செயலாளருக்கு, முன்னிலை வகித்தவர்களுக்கு, வராத சிறப்பு விருந்தினருக்கு, பந்தல்காரருக்கு, வடை சுட்டவர்களுக்கு. அவருக்குப் பின்னால் நாற்காலிகள் மடங்கிக்கொண்டிருந்தன, அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்குள் யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலிருந்த சங்கரலிங்கத்தின் உதடுகளும் கூடவே அசைந்தன.

“நிறைவாக, இவ்வளவு நேரம் எங்களை எல்லாம் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருந்த உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இத்துடன் விழா இனிதே நிறைவுற்றது.”

திரை வெளுத்தது. மௌஸ் அசைந்தது. சுடலைமணி தன்னை அறியாமல் கைதட்டினான்.

“நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார் சங்கரலிங்கம்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணாச்சி” என்றாள் பாண்டிச்செல்வி. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

பத்து மணிக்கு அம்ருதா திரையில் வந்தபோது பாண்டிச்செல்விக்குப் பின்னால் சுவர் மட்டும் இருந்தது. யாரும் பேசவில்லை. விசைகளின் சத்தம்தான். ரோட்டிலிருந்து கேட்டால் வீட்டுக்குள் மழை பெய்கிறதோ என்று தோன்றும், அவ்வளவு வேகம். நடுவில் தலைவரிடமிருந்து போன் வந்தது. சுடலைமணி வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

“என் உரைகள் எல்லாம் ஒழுங்கா ஓடுதாப்பா?”

“உங்க உரை நேரத்துல ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகலை தலைவரே.”

“தடங்கல் ஏதும்?”

“ஒரு தடங்கலும் இல்லை. அவ்வளவு அமைதி.”

பாண்டிச்செல்விக்கு வேலை கிடைத்தது. கிடைத்ததற்குச் சங்கம் பாராட்டு விழா எடுத்தது. ‘வேகக் கணினி கண்ட வெங்கிடாசலம்’ என்று தலைவருக்குப் பட்டம் கொடுத்து, அந்த விழாவின் உரைகளையும் கணினியில் சேர்த்தார்கள். சித்திரை விழா உரைகளும் பிறகு வந்து சேர்ந்தன. எல்லா உரைகளும் நன்றியுரைக்கு அடுத்து, அழைப்பிதழ் வரிசைப்படி, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றும் பேசுவதில்லை. முன்னிலை வகிக்கின்றன.

நன்றியுரையையும் தாண்டிப் போக விசைப்பலகையில் ஒரு பொத்தான் இருப்பதாக அபிலாஷ் ஒருநாள் சொன்னான். எது என்று பாண்டிச்செல்வி கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஆறிவிட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காகத் திரையில் சங்கரலிங்கம் நன்றி சொல்லி முடிக்கும்வரை தினமும் காத்திருக்கிறாள். பிறகுதான் வேலையைத் தொடங்குகிறாள்.